தொட்டுப் பார்... கேட்டுப் பார்... மாமல்லபுரம்!

படாளம், மாமண்டூர், மதுராந்தகம் பக்கத்துக்காரர்களுக்கு காணும் பொங்கல் என்றாலே மாமல்லபுரம்தான். எங்கள் வீட்டில் அந்தப் பயணத்துக்குத் தலைவர், படாளம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த பெரியப்பா. ‘கிளாக்கோமா’ எனும் கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை போன பிறகு எல்லாம் நின்றுபோனது. கூப்பிட்டால், “அது கண்ணால பார்க்கிற ஊரும்மா. எனக்கு அங்க என்ன இருக்கு?” என்பார்.

இந்த முறை விடவில்லை.

படாளத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். பார்வை மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பில் 75 சதவிகிதக் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

ரயில் சத்தம் மாறியதுமே, “பாலாத்துப் பாலம் வந்தாச்சு” என்றார் பெரியப்பா. ஜன்னலோரம் இருந்த நான் அதன் பிறகே தலையைத் திருப்பினேன்.

அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரையடி முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

அர்ச்சுனன் தபசு முன்னால் நின்றதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “பூனை இருக்கா?”

“இருக்கு பெரியப்பா. கையைத் தூக்கித் தவம் பண்ணுது. காலடியில எலிங்க.”

சின்ன வயதில் அந்தப் பூனையை எனக்குக் காட்டியவரே அவர்தான்.

வெண்ணெய் உருண்டைப் பாறை சுமார் 20 அடி உயரம், எடை 250 டன் என்கிறார்கள். நிழல் பக்கம் குளிர்ச்சி, வெயில் பக்கம் சூடு. இரண்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த சிற்பங்களை எல்லோரும் தொட்டால் தேய்ந்துவிடும்; அந்தக் கட்டுப்பாடு நியாயமே. அதனால் கடற்கரைக் கோயிலை அவர் காதால்தான் பார்த்தார். சுற்றி நடக்கும்போது அலைச்சத்தம் சட்டென்று அமுங்கியது. “இப்ப நமக்கும் கடலுக்கும் நடுவுல கோயில் நிக்குது, சரியா?” என்றார். சரிதான்!

தொட்டுப் பார்க்கும் ஆசை சாலையோர சிற்பப் பட்டறையில் தீர்ந்தது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, செதுக்கிக்கொண்டிருந்த பிள்ளையாரைப் பெரியப்பா கையில் கொடுத்தார் ஒரு சிற்பி. விரல்கள் மெதுவாக நகர்ந்தன. “இடது காது இன்னும் முடியலையே தம்பி?”

சிற்பி அசந்துபோனார். “நேத்து அங்கதான் விட்டேன் ஐயா!”

ஸ்பெயினின் மேட்ரிட் நகரில் 1992 முதல் பார்வையற்றோருக்கான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தாஜ்மஹால் உட்பட உலகச் சின்னங்களின் மாதிரிகளை அங்கே கையால் தடவியே அறியலாம். 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி உள்ள ஊர் இது. ஐந்து ரதங்களையும் தபசையும் தொட்டுப் பார்க்கும் அளவில் செதுக்கி ஒவ்வொரு சின்னத்தின் வாசலிலும் வைக்க, இங்கே கைகளுக்கா பஞ்சம்?

தமிழில் தொட்டும் பார்க்கலாம், கேட்டும் பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் “நான் எதுக்கு?” என்று பின்தங்கும் ஒருவர் இருக்கலாம். முதலில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.