மாடத்தில் ஒரு விளக்கு

தூத்துக்குடி நகரின் சங்கர ராமேசுவரர் திருக்கோயிலையும் அதனை அடுத்துள்ள வைகுண்டபதிப் பெருமாள் திருக்கோயிலையும் சூழ்ந்த பழைய தெருக்களில் அந்தி வேளையில் நடப்போர் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். தெருவை நோக்கிய திண்ணைச் சுவரில், வாயிற்படியின் இரு மருங்கிலும், கையை நுழைத்தால் மணிக்கட்டு வரை செல்லும் அளவுக்கு இரண்டு குழிகள் இருக்கும். கீழே சமதளம், மேலே கூம்பாகவோ வளைவாகவோ முடியும் விளிம்பு. உட்புறம் முழுவதும் தலைமுறைகளின் எண்ணெய்ப் புகை கரியாகப் படிந்திருக்கும். அவற்றுள் மிகப் பல இன்று விளக்கின்றி இருக்கின்றன. சிலவற்றில் மின்கட்டண அட்டையும் சாவிக்கொத்தும் குடியேறிவிட்டன. எங்கேனும் ஒரு வீட்டில் மட்டும் முதிய அம்மையார் ஒருவர் அகலைக் கொணர்ந்து வைத்து, திரியைத் தூண்டிவிட்டு, கோயில் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பிவிட்டு உள்ளே செல்வார்.

அந்தச் சிறு குழிக்கு மாடம் என்று பெயர். மாடக்குழி என்பதும் அதுவே. பேச்சில் அது மாடாக்குழி ஆகிவிடும். மாடப்புரை என்றும், விளக்குப் பிறை என்றும் வழங்கும் ஊர்கள் உண்டு. வளைந்த மேல்விளிம்பைப் பார்ப்போர்க்குப் பிறை என்னும் பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

வியப்புக்குரியது இச்சொல்லின் அகலமே. மாட மாளிகை என்னும்போது மாடம் பல நிலைகள் கொண்ட பெருங்கட்டடம். மாட வீதி என்றால் தேர் உலாவரும் பெருந்தெரு. மாடக்கோயில் என்றால் கோச்செங்கட் சோழன் எழுப்பியதாகப் போற்றப்படும் உயர்ந்த திருக்கோயில். அதே சொல் சுருங்கிச் சுருங்கி, முற்றத்தில் துளசி மாடமாகி, அந்தத் துளசி மாடத்தின் அடிப்பகுதியில் அகல் ஒன்று வைப்பதற்காகக் குடைந்த சிறு பொந்துக்கும் பெயராகிவிடுகிறது. கோபுரத்துப் பொந்துகளிலும் மாளிகை மாடங்களிலும் வாழும் புறாவுக்கு மாடப்புறா என்று பெயர் வந்ததும் இச்சொல்லின் கொடையே. அரசன் வாழ்ந்த இடமும் அகல் வாழும் இடமும் ஒரே பெயர் பெற்ற மொழி இது.

தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்போர்க்கு இச்சொல்லின் இன்னொரு பொருளும் நினைவுக்கு வரவேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகம் காட்டப்படுகிறது. ஏணி சார்த்தி ஏறவேண்டிய அளவுக்கு உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் தீ ஏற்றி வைப்பர். கடலில் திசை தடுமாறும் கலங்களை அது கரைக்கு அழைக்கும். கலங்கரை விளக்கமும் மாடத்து விளக்கே. கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கின் இருப்பிடமும், வீடு திரும்பும் பிள்ளைக்கு வாசலைக் காட்டும் விளக்கின் இருப்பிடமும் தமிழுக்கு வேறு வேறல்ல. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், மழையும் குளிரும் மிகுந்த மாலைப் பொழுதில் மகளிர் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழும் காட்சி உண்டு. கொற்கையில் பாண்டியரின் முத்துத்துறை விளங்கிய காலத்து வழக்கம் அது. கடல் பின்வாங்கி, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராக நிற்கிறது. தூத்துக்குடியிலும் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மாலையில் விளக்கேற்றிக் கைதொழுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இக்கரைக்கு வந்தபோது, வீட்டுச் சுவருக்குரிய சொற்கள் சிலவும் அவர்களுடன் வந்தன. சாளரம் ஜன்னல் ஆயிற்று. சுவரில் பலகை பொருத்திக் கதவிட்டுப் பொருள் வைக்கும் இடம் அலமாரி ஆயிற்று. திறவுகோல் சாவி ஆயிற்று. பூட்டி வைக்கும் பொருளுக்கெல்லாம் அயல்மொழிச் சொல் வந்து சேர, பூட்டே இல்லாத மாடம் மட்டும் தன் பெயரை இழக்கவில்லை. விளக்கை யாரும் பூட்டி வைப்பதில்லை அல்லவா!

மாடம் அழகுக்காகச் செய்ததன்று. கடற்காற்று மாலையில் வலுத்து வீசும் ஊரில் திறந்த தரையில் வைத்த அகல் நொடிப்பொழுதில் அணையும். சுவருக்குள் பின்வாங்கிய சுடரைக் காற்று தொடாமல் கடந்து செல்லும். கூம்பிய மேற்புறம் புகையை ஓரிடத்தில் திரட்டி வெளியே அனுப்பும். தவழும் குழந்தையின் கைக்கு எட்டாமலும், முதியோர் குனியாமல் எண்ணெய் ஊற்றும்படியும் அதன் உயரத்தைக் கொத்தர் வைத்தனர். இவையெல்லாம் சுவரின் கனம் தந்த வசதிகள். முற்காலத்துச் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனமுடையது. சிப்பியையும் பவளக்கல்லையும் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே இக்கரையின் சாந்து. அந்தப் பவளக்கல்லுக்கு ஒரு விலையும் இருந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே எண்ணப்பட்ட 21 தீவுகளில் இரண்டு, பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் நீரில் மூழ்கிப்போயின. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வந்தது. பழைய வீடுகளின் வெண்மையைப் புகழ்வோர் இதனையும் அறிந்திருப்பது நன்று.

வீட்டுக்கு மாடம் எதுவோ, திருக்கோயிலுக்குக் கோஷ்டம் அது. தேவகோட்டம் என்பதும் அதற்குப் பெயர். கருவறையின் புறச்சுவரில் இரு அரைத்தூண்களுக்கு நடுவே குடைந்து, மேலே மகர தோரணம் அமைத்து, உள்ளே இறைவடிவத்தை எழுந்தருளச் செய்கின்றனர். சிவாலயத்தில் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா, துர்க்கை என வலம்வருவோர் வரிசையாகத் தொழுவது இந்த மாடங்களையே. கருவறை இருளில் அருவுருவாக அமர்ந்திருப்பவன், வலம்வரும் அடியவர்க்காகச் சுவரின் மூன்று பக்கமும் உருவத்தோடு வெளிப்பட்டு நிற்கிறான் என்பது பெரியோர் கூறும் விளக்கம். பாண்டிய நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் கோஷ்டங்கள் உருவமின்றி வெறுமையாகவே இருக்கும். சிலை காணாமற்போனதென்று பக்தர்கள் பதறுவதுண்டு. தொடக்கம் முதலே வெறுமையாக விடப்பட்டவையும் அவற்றுள் உண்டு.

இங்கே ஒரு குறையையும் சொல்லாமல் இருக்க இயலாது. வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்தியின் கோஷ்டம் படும் பாடு கொஞ்சமன்று. ஆலமர நிழலில் மௌனமாக அமர்ந்த ஞானகுருவை நவக்கிரக வியாழனோடு ஒன்றாக்கி, மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் சாத்துகின்றனர். வெண்ணெய் உருண்டைகளை வீசுவோரும் உண்டு. மாடத்தின் விளிம்பிலேயே நெய்விளக்கை வைத்து, நூற்றாண்டுகள் கண்ட கல்லைப் பிசுக்கும் கரியும் ஆக்குகின்றனர். வீட்டு மாடம் புகை படிவதற்காகவே அமைந்தது. கோயில் மாடம் அவ்வாறன்று. விளக்குக்கெனத் தனி மேடை உள்ள கோயிலில் அங்கே ஏற்றிவிட்டு, கோஷ்டத்தின் முன் வெறுங்கையோடு நின்று தொழுவதே அந்த மௌன குருவுக்கு உகந்தது.

தூத்துக்குடி மாவட்டத்துக் கோஷ்டங்களைக் காண விழைவோர் கழுகுமலைக்குச் செல்லவேண்டும். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் உள்ளது இத்தலம். மலைச்சரிவில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, எட்டாம் நூற்றாண்டளவில் பாண்டியர் காலத்தில் செதுக்கப்பட்டது வெட்டுவான் கோயில். விமானத்தின் மேற்பகுதி நுணுக்கமாக நிறைவுபெற்றிருக்க, கீழ்ச்சுவர் முடிவுறாமலே நின்றுவிட்டது. மேலே தெற்கு நோக்கிய மாடத்தில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார்! மௌனம் உபதேசிப்பவர் கையில் தாளக்கருவி. தந்தை சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் மூண்ட போட்டியில் பணி நின்றதென்று ஊரார் ஒரு துயரக் கதை சொல்வர். கதை எதுவாயினும், குடையப்படாமல் நின்றுவிட்ட அந்தக் கீழ்ச்சுவரின் முன் சற்று நேரம் நிற்போர்க்கு, மேலே உள்ள மாடங்களின் அருமை தானே விளங்கும்.

ஆயினும் இம்மாவட்டத்தின் தலைசிறந்த மாடம் கல்லால் ஆனதன்று, சுண்ணாம்பாலும் ஆனதன்று. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியின் புளியமரப் பொந்தே அது.

திருக்குருகூர் என்பது அத்தலத்தின் பழம்பெயர். காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த குழந்தை அழவில்லை, பால் உண்ணவில்லை, கண் திறக்கவில்லை. பெற்றோர் அதனை ஆதிநாதர் சந்நிதிக்குக் கொணர்ந்து விட, அங்கிருந்த புளியமரத்தின் பொந்துக்குள் சென்று அமர்ந்தது. 16 ஆண்டுகள் ஒரு சொல்லும் இல்லை. அக்காலத்தில் அருகிலுள்ள திருக்கோளூரில் பிறந்த மதுரகவியார் வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் இருந்தார். ஓரிரவு தென்திசையில் ஓர் ஒளி தெரிந்தது. தீப்பற்றியதோ என ஐயுற்றார், மறுநாளும் தெரிந்தது. ஒளியைத் தொடர்ந்து தெற்கே நடந்தார். திருக்குருகூரை அடைந்ததும் ஒளி புளியமரத்தடியில் மறைந்தது. உள்ளே சடகோபர் அமர்ந்திருந்தார். கல் ஒன்றை எறிந்து ஓசை எழுப்ப, ஆழ்வார் கண் திறந்தார். மதுரகவியார் கேட்ட ஒரு கேள்விக்கு விடையாக 16 ஆண்டு மௌனம் கலைந்தது.

கலங்கரை மாடத்து ஒளி கலத்தை அழைப்பது போலவே, புளியமரப் பொந்தின் ஒளி அயோத்தியிலிருந்த ஓர் அடியவரை அழைத்து வந்தது. அந்தப் பொந்திலிருந்து வெளிப்பட்டவை திருவிருத்தமும் திருவாசிரியமும் பெரிய திருவந்தாதியும் திருவாய்மொழியும். பிற்காலத்தில் மறைந்துபோன நாலாயிரம் பாசுரங்களைத் தேடி வந்த நாதமுனிகள், மதுரகவியாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை ஓதி, இம்மரத்தடியில்தான் அவற்றை மீட்டதாகக் குருபரம்பரை கூறும். இலை இரவிலும் மூடாத உறங்காப்புளி என்று அம்மரத்தைப் போற்றுவர். திருப்புளியாழ்வார் என்றே வணங்குவர். மரத்தைச் சூழ்ந்த மதிலில் திவ்யதேசப் பெருமாள்களின் திருவுருவங்கள் உள்ளன. நடை தளர்ந்த பெரியோரும் மெல்ல வலம்வந்தால் ஒரே சுற்றில் பல திருப்பதிகளைச் சேவித்த நிறைவு கிட்டும்.

அங்கிருந்து கிழக்கே சென்றால் திருச்செந்தூர். மூலவர் சுப்பிரமணியரின் கருவறைக்குப் பின்னே, குனிந்து செல்லவேண்டிய இடுக்கமான சிற்றறையில் பஞ்சலிங்கங்கள் உள்ளன. சூரனை வென்ற பின் முருகன் தந்தையைப் பூசித்த இடம் என்பது ஐதீகம். வெற்றி வேலன் உலகறியக் கடலோரம் நிற்க, அவன் வணங்கும் தெய்வம் சுவருக்குப் பின்னே ஒரு மறைவிடத்தில் இருக்கிறது. மேற்கே எழும் ஒன்பது நிலைக் கோபுரம் 137 அடி உயரமுடையது. அதன் நிலைதோறும் உள்ள திறப்புகளில் ஒளி தெரியும் இரவில், அதுவும் ஒரு கலங்கரை மாடமே.

நகரத்துக்குத் திரும்புவோர்க்கு வேறொரு காட்சி காத்திருக்கிறது. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. பங்கு பிரிகிறது, பிள்ளைகள் வெளியூரில், காரை உப்புக்காற்றில் உதிர்கிறது. 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடியின் தெருக்களும் தாமிரபரணிக் கரை ஊர்களும் நீரில் மிதந்தன. மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் பரணிலிருந்து அகலை மீண்டும் எடுத்த வீடுகள் பல. எடுத்த அகலை எங்கே வைப்பது என்பதே கேள்வி. புதிய வீட்டின் வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். உட்சுவர் நாலரை அங்குலம். அதில் மாடம் குடைந்தால் மறுபக்கம் வானம் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் என்பதே எதிர்வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளும் நடைபாதை. கார்த்திகைக்குக்கூட அங்கே விளக்கு வைக்கத் தயங்கும் முதியோர் உண்டு.

வழி இல்லாமல் இல்லை. வீடு கட்டத் தொடங்கும்போதே சொன்னால், கொத்தர் ஒன்பது அங்குலச் சுவரில் பாதியளவு உள்வாங்கிய மாடத்தை வாயிலருகே விடுவார்; மீதியை வெளியே நீட்டிய கருங்கல் பலகை ஈடுசெய்யும். காரை பூசும் முன் சொல்லவேண்டும். பூசிய பிறகு உடைப்பது வீண் செலவு. திரைச்சீலையும் மின்கம்பியும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பழைய வீட்டை இடிப்போரில் சிலர், கரி படிந்த மாடத்தின் அடிக்கல்லை மட்டும் பெயர்த்தெடுத்துப் புதுச் சுவரில் பதிக்கச் சொல்கின்றனர். கொத்தர் அதைத் தேய்த்துக் கழுவ முற்பட்டால், வீட்டின் மூத்த அம்மையார் தடுத்துவிடுவார். கரியோடே கல் ஏறும். அன்று மாலையே அதன்மேல் அகல் வந்து அமரும்.