35 சதவிகிதத்தில் நின்ற உயிர்!

'அத்திப்பட்டு' என்று ஊர் பேரைச் சொன்னால் போதும்... எதிரில் இருப்பவர் புருவத்தை உயர்த்திக்கொண்டு, "மேப்லேர்ந்தே காணாமப் போச்சே, அந்த ஊரா ஸார்?" என்பார். எல்லாம் 2001-ல் வந்த 'சிட்டிசன்' படம் செய்த வேலை! அது அத்திப்பட்டி, கற்பனை. எங்கள் அத்திப்பட்டு நிஜம். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. ஒன்றுக்கு இரண்டு ஸ்டேஷனாகப் போட்டு, 'இந்த ஊர் இருக்கிறது' என்று ரயில்வேயே சாட்சி சொல்கிறது.

இருப்பதை நிரூபிக்கவேண்டிய கஷ்டம் ஊருக்கு மட்டுமில்லை, மனிதர்களுக்கும் உண்டு. மத்திய அரசு பென்ஷன்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நவம்பர் பிறந்தால், 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று ஆயுள் சான்று கொடுத்தாகவேண்டும். பாங்குக்கு நேரில் போய்க் காகிதத்தில் கொடுக்கலாம். 2014 நவம்பரிலிருந்து 'ஜீவன் பிரமாண்' என்று கம்ப்யூட்டர் வழியும் வந்துவிட்டது. ஆதார் நம்பர், விரல் ரேகை, முடிந்தது. கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். பின்னால் கொடுத்தால் அரியர்ஸோடு வரும்தான். ஆனால், வீட்டுக்காரம்மாவின் சர்க்கரை மாத்திரை அரியர்ஸுக்காகக் காத்திருக்குமா?

2023 நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. சாயந்திரம் ஆறரை மணிக்கு ஜெராக்ஸ் கடை அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, கம்ப்யூட்டரு செத்துப்போச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்!"

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். ஆனால், பத்திரிகையில் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர், கரண்ட், கல்யாணப் பொருத்தம் எல்லாமே தெரியும் என்பது எங்கள் தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை. போனேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் ராத்திரி கடை மூடும் நேரத்தில் விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது. '35 சதவிகிதம் முடிந்தது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று இங்கிலீஷில் கெஞ்சியிருக்கிறது. கடைப் பையன் வழக்கம்போல மெயினைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். கேட்டால், "அது எப்பவும் அப்படித்தாண்ணே சொல்லும்" என்கிறான்! யு.பி.எஸ். இருந்ததே என்கிறீர்களா? இருந்தது. பாட்டரி போய் ஒரு வருஷமாக, கஸ்டமர்கள் உட்காரும் ஸ்டூலாக!

கூப்பிடு தூரத்தில் வடசென்னை அனல் மின் நிலையம். 210 மெகாவாட்டில் மூன்று, 600-ல் இரண்டு, 2024 மார்ச்சில் திறந்துவைத்த 800 மெகாவாட் ஒன்று என்று ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடம். அதன் காலடியில், அஞ்சு நிமிஷக் கரண்ட் கிடைக்காமல் ஒரு கம்ப்யூட்டர் மூச்சை விட்டிருந்தது.

கடை வாசலில் ஒரு பெரியவர். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். கடப்பாரையும் ஜல்லியும் பிடித்துப் பிடித்து விரல் ரேகையெல்லாம் தேய்ந்துபோனவர். வேறு ஒரு இடத்தில் முயற்சி பண்ணி ரேகை விழவில்லை. போன வருஷம் அக்கா கடை மெஷினில்தான், வலது மோதிர விரல் விழுந்திருக்கிறது. செல்போனில் முகம் காட்டுகிற வழியில் கண் சிமிட்டவேண்டும். அவருக்கோ கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள், கறுப்புக் கண்ணாடி. பாங்க் மீஞ்சூரில். முழங்கால் வலி, மழை வேறு. அவரைப் போல இன்னும் எட்டுப் பேர் அக்காவின் நோட்டில். கெடு வியாழக்கிழமை!

"மெக்கானிக் பையன் பாத்துட்டான் தம்பி. ஃபார்மட் பண்ணணும், அறுநூறு ரூபாங்கறான். பண்ணா எல்லாம் போயிடுமாமே?"

போகும். அதுதான் விஷயம். இரண்டு வருஷத்து ஸ்கேன்கள், தெருவில் பாதிப் பேரின் பயோடேட்டா, ரேகை மெஷினுக்காகப் போட்ட சாஃப்ட்வேர், எல்லாம் துடைத்துப் போய்விடும். தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்!

பலருக்குத் தெரியாத சமாசாரம் ஒன்று. விண்டோஸ் தன் வயிற்றிலேயே ஒரு மருந்துப் பெட்டியை வைத்திருக்கிறது. இரண்டு முறை தொடர்ந்து கிளம்ப முடியாமல் விழுந்தால், மறு தடவை நீலத் திரையில் அதுவே அந்தப் பெட்டியைத் திறந்து காட்டும். அதில் 'டிரபுள்ஷூட்', உள்ளே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.

முதல் வேலை ரிப்பேர் இல்லை, சொத்தைக் காப்பாற்றுவது. அங்கே 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கும். அதில் 'நோட்பேட்' என்று அடித்தேன். சாதாரண எழுதுகிற நோட்பேட்தான். அதில் 'ஃபைல் ஓப்பன்' போட்டு, எல்லா ஃபைலையும் காட்டச் சொன்னால் மொத்த வட்டும் தெரியும். ரைட் கிளிக் பண்ணிப் பண்ணி அக்காவின் ஃபைல்களை பென் டிரைவுக்குக் கடத்தினேன். ஒண்ணே கால் மணி நேரம். அக்கா மூன்று தடவை டீ கொடுத்தார்.

அடுத்து 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. சுற்றிச் சுற்றிவிட்டு, 'என்னால் முடியவில்லை' என்றது. கடைசியாக வந்த அப்டேட்டைக் கழற்றச் சொன்னேன். அதுவும் கையை விரித்தது. பாதியில் நிற்கிற கல்யாணத்தில் தாலியைக் கழற்று என்றால் எப்படி? இன்னும் கட்டவே இல்லையே!

மறுபடி கறுப்பு ஜன்னல். 'டிஸ்ம்' என்று ஒரு கருவி. அதற்கு 'ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்று ஒரு கட்டளை. பாதியில் கிடக்கிற வேலைகளைச் செய்யாததாக ஆக்கு என்று அர்த்தம். காமர்ஸ் படித்தவர்களுக்கு உடனே புரியும், ரிவர்ஸ் என்ட்ரி! ஒன்று மட்டும் கவனம். இந்த இடத்தில் சி டிரைவ் சில சமயம் 'டி' என்று மாறுவேஷத்தில் இருக்கும். பார்த்துவிட்டு அடிக்கவேண்டும்.

அடித்தேன். ரீஸ்டார்ட். 'மாற்றங்களை வாபஸ் வாங்குகிறேன்' என்று ஒரு வரி வந்தது. இருபது நிமிஷம் யாரும் பேசவில்லை. பையன் மெயின் சுவிட்ச் பக்கமே போகவில்லை. அப்புறம், அக்காவின் பெண் குழந்தை படம் போட்ட டெஸ்க்டாப் வந்தது!

எழுந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து உடனே அனுப்ப முடியுமா? விண்டோஸ் தன் முக்கியமான ஃபைல்களுக்கு நல்ல பிரதிகளைத் தனி ஸ்டோர் ரூமில் வைத்திருக்கும். எஸ்.எஃப்.சி. என்ற கருவிக்கு 'ஸ்கேன் நவ்' என்று சொன்னால், ஓடுகிற ஃபைல்களை அந்தப் பிரதிகளோடு ஒப்பிட்டு, கெட்டதை மாற்றும். சுத்தமான ஆடிட்டர் வேலை! ஆனால், ஸ்டோர் ரூமிலேயே கறையான் என்றால்? அதற்குத்தான் அதே டிஸ்மின் இன்னொரு கட்டளை, 'ரீஸ்டோர் ஹெல்த்'. வீட்டுப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் வாங்குவது போல, இன்டர்நெட் வழியாக மைக்ரோசாஃப்டிலிருந்து நல்ல பிரதியைக் கொண்டுவரும். அதனால் முதலில் டிஸ்ம், பிறகு எஸ்.எஃப்.சி. இதுதான் வரிசை.

டிஸ்ம் 62.3 சதவிகிதத்தில் போய் நின்றுகொண்டது. "போச்சா தம்பி?" என்றார் அக்கா. போகவில்லை. அந்த 62.3 உலகப் பிரசித்தம்! அங்கே நின்று வெற்றிலை பாக்குப் போட்டுவிட்டுத்தான் அது மேலே கிளம்பும். பொறுமை இழந்து ஜன்னலை மூடுகிறவர்கள்தான் அதிகம். பத்து நிமிஷத்தில் 100. எஸ்.எஃப்.சி-யும் ஓடி, 'கெட்ட ஃபைல்கள் இருந்தன, சரி செய்துவிட்டேன்' என்றது. கடைசியாக, அப்டேட் சர்வீஸை நிறுத்தி, பாதி இறங்கிக் கெட்டுப்போன ஃபைல்கள் கிடக்கும் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' ஃபோல்டரின் பேரை மாற்றினேன். விண்டோஸ் புதிதாக ஒன்று செய்துகொண்டு, அதே அப்டேட்டை முதலிலிருந்து இறக்கி, ஒழுங்காகப் போட்டு முடித்தது. மணி பதினொண்ணேகால்.

மறுநாள் காலை பெரியவர் வந்தார். கட்டை விரல் இல்லை, ஆள்காட்டி இல்லை, மோதிர விரல்... விழுந்தது! சான்று நம்பர் செல்போனுக்கு வந்தது. அவர் கம்ப்யூட்டரை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, "இதுக்கும் ஒரு சர்டிபிகேட் போட்டு வெச்சுடும்மா" என்றார்.

அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவைத்தால் நிம்மதிதானே என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டது. போடாமல் விட்டவர்களை மே மாசம் 'வான்னாக்ரை' வைரஸ் பிடித்தது. 150 நாடுகள், இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள்கூடத் தப்பவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 ஜூலை 19-ல் 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் கோளாறான ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலமாகிப்போயின. நம் நாட்டு ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? பெரும்பாலும் இதே நீலத் திரை மருந்துப் பெட்டிதான். உள்ளே போய் ஒரே ஒரு ஃபைலை அழிக்கவேண்டும். அதை ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஆள் போய்ச் செய்யவேண்டியிருந்தது.

ஆக, அப்டேட் வேண்டும். பிரதி எடுத்து வைப்பதும் வேண்டும். வட்டே தேய்ந்து போயிருந்தால் இந்த மருந்து எதுவும் பலிக்காது, அப்போது மெக்கானிக் சொல்வது சரி. ஆனால், ஃபார்மட் என்பது கடைசிக் கதவு. முதல் கதவாக அதைத் திறப்பவரிடம், "உள்ளேயே இருக்கிற ரிப்பேரைப் பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அக்கா யு.பி.எஸ்ஸுக்குப் புது பாட்டரி போட்டுவிட்டார். கஸ்டமர்களுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வாங்கியாயிற்று. பையனுக்கு மட்டும் பயம் விடவில்லை. அப்டேட் ஓடினால் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கத்திச் சொல்கிறான். "அக்கா... எண்பத்தஞ்சு! இன்னும் பதினஞ்சு!" நூறு அடித்த பிறகுதான் மெயினில் கை வைக்கிறான்!