சீனங்கோட்டையில் ஒரு பச்சைக் கல்

காலி வீதியில் களுத்துறையைத் தாண்டித் தெற்கே போனால் பேருவளை வரும். கடலை ஒட்டிய மேட்டில் வெண்ணிறமாக நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசலைப் பார்க்கவே பலர் இங்கு இறங்குகிறார்கள். ஆனால் இவ்வூரின் இன்னொரு முகத்தைக் காண, சீனங்கோட்டைத் தெருக்களில் நடக்க வேண்டும். பல தலைமுறைகளாக மாணிக்க வியாபாரத்தில் ஊறிய முஸ்லிம் குடும்பங்கள் வாழும் இடம் அது.

இங்கே வியாபாரம் கந்தோர்களுக்குள்ளும் நடக்கிறது, தெருவிலும் நடக்கிறது. கடதாசி மடிப்பிலிருந்து கல் வெளியே வருகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்படுகிறது. விலை சரிவராவிட்டால் மீண்டும் மடிப்புக்குள் போய்விடுகிறது. இரத்தினபுரிக் குழிகளில் 'இல்லம்' எனும் சரளை மண்ணைக் கழுவி எடுத்த கற்களோடு, மடகஸ்காரிலிருந்து வந்த கற்களும் இப்போது இங்கே கைமாறுகின்றன.

நல்ல நீலக்கல்லைக் கண்டதும் கைகள் நீளும். பட்டை தீட்டாத பச்சைக் கல் வந்தால் அனுபவசாலியும் சற்று நிதானிப்பார். ஏனென்றால் நமது மண்ணில் பச்சையாகக் கிடைப்பது ஒரே கல் அல்ல. பச்சை சஃபயர், சேர்கோன், டூர்மலின், கிறிசோபெரில் என்று பல உண்டு. பகலில் பச்சையாகவும் மின்குமிழின் மஞ்சள் ஒளியில் சிவப்பாகவும் தெரிந்தால் அது அலெக்சாண்ட்ரைட். நல்லதாக இருந்தால் பெருவிலை போகும். எல்லோரும் ஆசைப்படும் மரகதமோ நமது இல்லத்தில் கிடைப்பதில்லை என்றே சொல்லலாம். ஆற்றில் உருண்டு தேய்ந்த போத்தல் துண்டும் சிலவேளை கல்லாக வேடம் போட்டு வரும்.

ஓர் இளைஞர் தன் வாப்பா விட்டுச்சென்ற பச்சைக் கல்லை மூத்த வியாபாரி ஒருவரிடம் நீட்டினார். தங்கையின் கல்யாணச் செலவு அந்த மடிப்புக்குள் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

"மரகதம்தானே, ஹாஜியார்?"

"அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல நிறுத்துப் பார்ப்போம்."

கல் காற்றில் 20 கரட் நின்றது. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தபோது 15 கரட். குறைந்தது 5. இருபதை ஐந்தால் வகுத்தால் 4. கண்ணாடியாக இருந்தால் தண்ணீரில் ஏறத்தாழ 12 கரட்தான் நிற்கும். டூர்மலினும் மரகதமும் 14ஐ எட்டா. எனவே இது சஃபயர் அல்லது சேர்கோன். இரு நிறங்களைப் பிரித்துக் காட்டும் சிறு குழாயால் பார்த்தபோது ஒரு பக்கம் நீலம் கலந்த பச்சை, மறுபக்கம் மஞ்சள் கலந்த பச்சை. பச்சை சேர்கோனில் இவ்வளவு வேறுபாடு தெரியாது.

"சஃபயர்தான். ஆனா உள்ளே வெடிப்பு இருக்கு, நிறமும் பட்டை பட்டையா நிக்குது. வெட்டினா பாதிக்கு மேலே கழிஞ்சு போகும். தேசிய மாணிக்க ஆபரண அதிகார சபையில காட்டி எழுத்தில வாங்குங்க. பிறகு விலை பேசுங்க."

இளைஞரின் முகம் வாடியதென்னவோ உண்மைதான். பச்சை சஃபயர் நீலத்தின் விலைக்கு வராது. ஆயினும் கல்லின் பெயர் தெரியாமல் விற்று ஏமாறும் ஆபத்து நீங்கியது. மரகதத்தை நம்பிக் கடன்படும் ஆபத்தும் நீங்கியது.

பெயர் தெரிவது உடலுக்கும் நல்லது. 1953இல் எஹெலியகொடையில் எப். எல். டி. ஏகநாயக்க கண்டெடுத்த பச்சைக் கல், 1961இல் புதிய கனிமமென உறுதியாகி, அவர் பெயராலேயே 'ஏகனைட்' எனப்பட்டது. தோரியம் கலந்த அக்கல் கதிர்வீச்சு உடையது. மோதிரத்தில் பதித்து அணியத் தக்கதல்ல.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். கல்லுக்குள் இருக்கும் வெடிப்பும் அந்த ஈரத்தைப் போன்றதே. விற்பவர் அதை மறைக்கக் கூடாது. விற்பவரின் அறியாமையை வாங்குபவர் இலாபமாக்குவதும் நேர்மையாகாது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பச்சைக் கல் ஒன்று இருந்தால் உடைத்தோ, சுரண்டியோ, சூடாக்கியோ பார்க்காதீர்கள். முதலில் நிறுத்துப் பாருங்கள், பரிசோதித்து எழுத்தில் பெறுங்கள். விலை அதற்குப் பிறகுதான்.