நிற்கவும் தெரிய வேண்டும்

எங்கள் தந்தையார் 1974-ஆம் ஆண்டில் வாங்கிய மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இன்றும் எங்கள் களத்துமேட்டில் நிற்கின்றது. திருவண்ணாமலை அன்று வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். தனி மாவட்டமானது 1989-இல்தான். தந்தையார் மறைந்த பின்னும் அவ்வண்டியை விற்க மனமின்றி, நாங்கள் சகோதரர் இருவரும் அதனைக் கொண்டே நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வருகிறோம்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பார் வகுத்த சிறு டிராக்டர் 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உருவாகத் தொடங்கியது. அதன் வழிவந்த வண்டிகளை நம் நாட்டில் செய்ய 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. செம்பியத்தில் உருவான அவ்வண்டிகள் நம் தமிழகத்து வயல்களை உழுதன. அவற்றுள் ஒன்றே எங்களுடையது.

இவ்வகைப் பழைய வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. சக்கரத்திற்கு ஒரு டிரம். அதனுள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். மிதியை அழுத்தினால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தைப் பற்றி நிறுத்தும். இடச் சக்கரத்திற்கு ஒரு மிதி, வலச் சக்கரத்திற்கு ஒரு மிதி. வயலின் கோடியில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். சாலைக்கு வந்ததும் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இல்லையேல் வேகத்தில் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி கவிழ்ந்துவிடக் கூடும்.

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி நாள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலா மூட்டைகளை இறக்கிவிட்டுச் செங்கம் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி அச்சாலையிலும் அமைகின்றது. கூட்டம் பெருகுமுன் கடந்துவிடலாம் என்றெண்ணினோம். அதற்குள்ளாகவே மக்கள் வெறுங்காலுடன் இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தனர். முன்னே சென்ற மாட்டுவண்டி நிற்கவே, தம்பி பிரேக்கை மிதித்தான். மிதிகள் இணைந்துதான் இருந்தன. ஆயினும் வண்டி நேராக நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு முதியவருக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது. அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். “பார்த்துப் போங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எங்கள் மனம் சற்று ஆறியிருக்கும்.

வலப்பக்க பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதை நாங்கள் மூன்று மாதமாக அறிந்தே இருந்தோம். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தோம்.

மறுநாளே பழக்கமான மெக்கானிக் பெரியவரை வீட்டிற்கு அழைத்து வந்தோம். டிரெய்லரைக் கழற்றி, முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கியால் அச்சைத் தூக்கியபின், அதனடியில் பருத்த மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார். “ஜாக்கி தூக்குறதுக்குத்தான் தம்பி, தாங்குறதுக்குக் கட்டை வேணும்” என்றார். சக்கரத்தை இறக்கி, துருப்பிடித்த திருகுகளைக் கழற்றி டிரம்மை எடுத்தபோது, வலப்பக்க ஷூக்கள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. அச்சின் ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. எண்ணெய் பட்ட லைனிங் எதையும் பற்றாது. சீலை மாற்றாமல் புது ஷூ போட்டால் அதுவும் சில நாளில் அதே கதிதான் என்றார் பெரியவர்.

இடப்பக்கம் நன்றாகத்தானே பிடிக்கிறது, அதை விட்டுவிடலாம் என்றான் தம்பி. பெரியவர் பேசாமல் அந்த டிரம்மையும் கழற்றிக் காட்டினார். லைனிங் தேய்ந்து ரிவெட்டுத் தலைகள் வெளித்தெரிந்தன. உழும்போதெல்லாம் இடமாகவே திரும்பும் பழக்கம் எங்களுக்கு. அத்தேய்மானம் அங்கே இருந்தது. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி மீண்டும் ஒரு பக்கமே இழுக்கும். ஆகவே 14 அங்குல விட்டத்திற்கு 2 அங்குல அகலமுள்ள ஷூக்கள் நான்கும், சீல்கள் இரண்டும், ஸ்பிரிங்குகளும் வாங்கினோம்.

டிரம்மிலிருந்த தூசியைத் தம்பி வாயால் ஊதப் போனான். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் செய்தார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலிற் படிந்து பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இங்கிலாந்து 1999-இல் அதனை முற்றிலும் தடை செய்தது.

புது ஷூக்களை எண்ணெய்க் கை படாமல் பொருத்தி, சக்கரம் இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, பின்பு தடையின்றிச் சுழலும் அளவிற்குத் தளர்த்தினோம். இருபக்கமும் ஒரே அளவு. வெற்றுச் சாலையில் மெதுவாக ஓட்டி, மிதிகளை இணைத்து அழுத்தியபோது, புழுதியில் இரு சக்கரத் தடங்களும் சமமாக விழுந்து வண்டி நேராக நின்றது. தம்பி இறங்கி வந்து அத்தடங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு உணவின்போது அம்மா கேட்டார்கள்: “மூணு மாசமாத் தெரியும்னு சொன்னீங்களே, அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா, தெரியாமப் போச்சுன்னு சொல்லியிருப்பீங்களா?” எங்களால் விடை சொல்ல இயலவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் டிராக்டரோ, மோட்டார் சைக்கிளோ, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டியோ இருக்கலாம். ஓடுகிறதா என்று நாள்தோறும் பார்க்கிறோம். நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தெரியாமல் நேர்வது பிழை. தெரிந்தும் தள்ளிப்போட்டால் அது வேறு.