வெலிங்டன் மலையில் கேட்ட சத்தம்... முதல் முறை கார்பைன் பிடித்த ஒரு ‘தம்பி’யின் கதை!

காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல ஒரு சத்தம். ஒன்று, இரண்டு... அப்புறம் வரிசையாக நாலைந்து. வெலிங்டன் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் நான் மட்டும்தான் திரும்பிப் பார்த்தேன். வர்க்கி வாங்க வந்த பாட்டி பாட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். கடை வாசலில் படுத்திருந்த நாய்கூட காதை அசைக்கவில்லை.

“ரேஞ்ச் ஓடுது தம்பி” என்றார் எதிர் பெஞ்சில் இருந்தவர். அறுபதை நெருங்கும் வயது. கம்பளி குல்லா, பளபளவென்று மழித்த முகம், உட்கார்ந்திருக்கும்போதும் வளையாத முதுகு. சொல்லாமலே தெரிந்தது, பழைய ராணுவக்காரர்.

ஊட்டி என்றால் நமக்கு ரோஜாத் தோட்டம், படகுச் சவாரி, ஹோம்மேட் சாக்லேட். குன்னூர் என்றால் சிம்ஸ் பார்க், டால்பின்ஸ் நோஸ். மலை ரயிலில் குன்னூரைத் தாண்டினால் அடுத்தடுத்து வரும் இரண்டு சின்ன ஸ்டேஷன்களில் யாரும் செல்ஃபிக்காக இறங்குவதில்லை. ஒன்று வெலிங்டன். இன்னொன்று அருவங்காடு. நீலகிரியின் துப்பாக்கிக் கதை முழுக்க இந்த இரண்டு ஸ்டேஷன்களுக்குள் அடக்கம்.

பக்கத்தில் ஜகதளா என்று ஒரு படுகர் கிராமம் இருக்கிறது. அந்தப் பெயரைத்தான் ஆங்கிலேயர்கள் ‘ஜாக்கதல்லா’ என்று வாய்க்கு வந்தபடி உச்சரித்து, 1850-களில் இங்கே கட்டிய ராணுவக் குடியிருப்புக்கு வைத்தார்கள். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. 1758-ல் தன் வரலாற்றைத் தொடங்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இப்போது இங்கேதான் இருக்கிறது. தென் மாநிலங்களிலிருந்து வரும் பையன்கள் இங்கே சிப்பாய்கள் ஆகிறார்கள். அவர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரே செல்லப்பெயர்: ‘தம்பி’. வடக்கே எந்த முகாமுக்குப் போனாலும் பஞ்சாபிக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அருவங்காடு இன்னும் சுவாரஸ்யம். அங்கிருக்கும் கார்டைட் தொழிற்சாலை 1903-ல் நிறுவப்பட்டது. மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908-ல். அதாவது, சுற்றுலாப் பயணிக்கு முன்பே வெடிமருந்து மலையேறிவிட்டது! தொழிற்சாலையின் மின்சாரத்துக்காக காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். நாட்டின் ஆரம்பகால நீர்மின் நிலையங்களில் அதுவும் ஒன்று. இன்று காட்டேரியில் போட்டோ எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

கார்டைட் என்றால்? அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு, நைட்ரோகிளிசரின், கூடவே கொஞ்சம் வாஸலின். ஆமாம், நாம் உதட்டில் தடவும் அதே வாஸலின் வகைதான். எல்லாவற்றையும் மாவுபோலப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோலக் கயிறு கயிறாகப் பிழிந்தெடுத்தார்கள். ‘கார்ட்’ என்றால் கயிறு, அதனால் கார்டைட். 1889-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. பழைய கறுப்பு மருந்துபோல் கண்ணை மறைக்கும் புகை கிடையாது. சிறு தோட்டாவிலிருந்து பீரங்கிக் குண்டு வரை உந்தித் தள்ளும் மருந்து இன்றும் அருவங்காட்டில் தயாராகிறது. 2021-ல் மத்திய அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, இது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

டீக்கடை பெரியவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். 1986-ல் ரெக்ரூட்டாக மலையேறியவர், ஹவில்தாராக ஓய்வுபெற்று அருவங்காட்டிலேயே வீடு கட்டிவிட்டார். ரேஞ்ச் எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அது பாதுகாப்புப் பகுதி. கேமராவோடு அந்தப் பக்கம் சுற்ற வேண்டாம் என்று உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

“மொதல்ல எஸ்.எல்.ஆர். சுட்டோம். பெரிய ரைஃபிள். அது தோள்ல குடுத்த அடியில ரெண்டு நாள் டீ மக்கைத் தூக்க முடியல. அப்புறம் ஒருநாள் கார்பைன் குடுத்தாங்க. பார்த்ததும் சிரிச்சுட்டோம். ஓட்டை போட்ட தண்ணிக் குழாய்ல கைப்பிடி மாட்டின மாதிரி இருந்துச்சு. உஸ்தாத் சொன்னார், ‘சிரிச்சு முடிச்சுக்கங்கடா, அப்புறம் நேரம் இருக்காது’ன்னு.”

உஸ்தாத் என்றால் பயிற்சியாளர். அந்தக் ‘குழாய்’, ஸ்டெர்லிங் வகை 9 மி.மீ. கார்பைன். ஜார்ஜ் பாட்செட் என்பவர் வடிவமைத்து, பிரிட்டிஷ் ராணுவம் 1953-ல் ஏற்றுக்கொண்டது. நம்மூரில் கான்பூர் தொழிற்சாலையில் தயாரானது. கார்பைன் என்றால் குட்டை ரைஃபிள். இதில் விசேஷம், உள்ளே போவது ரைஃபிள் தோட்டா அல்ல, கைத்துப்பாக்கித் தோட்டா. 1902-ல் ஜெர்மனியில் உருவான, உலகம் முழுக்கப் பிஸ்டல்களில் பயன்படும் அதே 9 மி.மீ. தோட்டா. சின்னத் தோட்டா என்பதால் தோளில் உதை குறைவு. நீளமான உடல் இருப்பதால் பிஸ்டலைவிடக் குறி நிற்கும். எடை மூன்று கிலோவுக்குள். 34 தோட்டாக்கள் கொண்ட வளைந்த மேகஸின், அடியில் மாட்டாமல் இடதுபக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

புதியவருக்கு இது சுலபமாக இருக்க வேண்டும்தானே? அங்கேதான் ஒரு சூட்சுமம்.

“ரைஃபிள்ல ட்ரிகரை அழுத்தினா உடனே வெடிக்கும். இதுல அப்படி இல்ல. உள்ள இருக்கிற இரும்பு போல்ட் பின்னாடி நிக்கும். ட்ரிகரை அழுத்தினா அது ஓடிவந்து, தோட்டாவை எடுத்துத் தள்ளி, அப்புறம்தான் வெடிக்கும். அந்த ஓட்டத்துல துப்பாக்கி முன்னாடி ஒரு குதி குதிக்கும். தோள்ல இடி வரும்னு நாம காத்துக்கிட்டு இருப்போம், அது முன்னால இழுக்கும். பாதிப் பேரு மொத தோட்டாவை மண்ணுலதான் போட்டான்.”

மூடுபனி விலகக் காத்திருந்ததில் அன்று பாதி நாள் போய்விட்டதாம். பனி இறங்கினால் இலக்கு தெரியாது. சிவப்புக் கொடி ஏறியபடி இருக்கும், எல்லோரும் ஈரப் புல்லில் குப்புறப் படுத்திருப்பார்கள், ஒரு தோட்டாகூட வெடிக்காது. “ரேஞ்சுன்னா சுடுற இடம்னு நெனைக்கிறீங்க. காத்திருக்கிற இடம் தம்பி அது.”

இவர் முறை வந்தது. மேகஸினில் பத்து தோட்டா. இரண்டிரண்டாக விட வேண்டும் என்பது உத்தரவு. அழுத்திய விரல் அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்தக் கார்பைன் நிமிடத்துக்குச் சுமார் 550 தோட்டா வேகம். கணக்குப் போட்டால், பத்தும் ஒரு விநாடியில் காலி. துப்பாக்கி முனை மேலே ஏறிப் போய்விட்டது. பிறகு அமைதி.

“அடி விழும்னு நெனைச்சேன். உஸ்தாத் திட்டவே இல்ல. ‘கோக்கா பொறுக்கு’ன்னார்.”

கோக்கா என்பது சுட்டபின் வெளியே விழும் காலி பித்தளைக் கூடு. எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை கோக்காவையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவர் கையில் ஒன்பதுதான் இருந்தது. பத்தாவது கிடைக்கும்வரை மொத்தப் பிளட்டூனும் சாப்பிடப் போகக் கூடாது. நாற்பது பேர் கைகோத்த மாதிரி வரிசையாக நின்று, அட்டை கடிக்கக் கடிக்க, புல்லை விரலால் கோதிக்கொண்டே நகர்ந்தார்கள். கடைசியில் பக்கத்துப் பையன் படுத்திருந்த தார்ப்பாய் மடிப்புக்குள் கிடந்தது, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பித்தளை.

“அன்னைக்கு ராத்திரி ஒருத்தனும் என்கூடப் பேசல. ஒரு விநாடி விரலை எடுக்காததுக்கு நாற்பது பேரு பட்டினி. அதுக்கப்புறம் என் விரல் ஒட்டினதே இல்ல.”

கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்ததை மறைப்பானேன்! ஆனால், நீங்களோ நானோ 9 மி.மீ. கார்பைனைத் தொட முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தானியங்கித் துப்பாக்கிகளும் 9 மி.மீ. ரகமும் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. வெளிநாட்டு யூடியூபர்கள் வார இறுதியில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுத் தள்ளும் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே தேடினால் கிடைக்காது. கிடைக்காமல் இருப்பது நல்லது என்பதே என் கட்சி. ஆர்வம் இருப்பவர்களுக்கு ரைஃபிள் கிளப்கள் உண்டு. அங்கே ஏர் ரைஃபிள், .22 ரைஃபிள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வரை போனது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அதில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர், பேனா முனை வைத்த புள்ளி அளவு.

மலையிலிருந்து இறங்கிய அடுத்த வாரம், சமவெளியில் ஒரு கிளப்பில் அனுமதி வாங்கி .22 பிடித்தேன். ஐந்து தோட்டா. அதற்கு முன் நாற்பது நிமிடம் வகுப்பு. வகுப்பில் எப்படிச் சுடுவது என்பதைவிட எப்போது சுடக் கூடாது என்பதே அதிகம். முனை எப்போதும் இலக்குப் பக்கம். உத்தரவு வரும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது, என் மூச்சுக்குத் தகுந்தபடி இலக்கு ஏறி இறங்கியது. பாதி மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னார் பயிற்சியாளர். நிறுத்தியதும் இதயத் துடிப்பு தெரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் முனை ஒரு நூல் நகர்கிறது. இத்தனை வருடமாக என்னோடு இருக்கும் இதயத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அழுத்தியதும் ‘டப்’. தீபாவளி பிஜிலி அளவுதான். தீக்குச்சி அணைத்த மாதிரி ஒரு வாசனை. காகிதத்தில் என் ஐந்து ஓட்டைகளும் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தன.

அந்தக் காகிதத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு மறுபடி அருவங்காடு போனேன். பெரியவர் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ரேஞ்சுக்கு வெளியே கார்பைன் சுட்டிருக்கிறீர்களா ஐயா?

டீ ஆறும்வரை பேசவில்லை.

“ட்ரெய்னிங் முடிஞ்சதும் ஸ்ரீலங்கா” என்றார்.

1987 ஜூலையில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதிப்படை அங்கே போனது. 1990 மார்ச்சில் திரும்பியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் போயிருந்தன.

“மத்த ரெஜிமென்ட் பசங்களுக்கு அங்க ஜனங்க பேசுறது புரியாது. எங்களுக்குப் புரியும். வீட்டுக்குள்ள சோதனை போடப் போனா, உள்ள ஒரு அம்மா புள்ளையைத் தூங்க வைக்கிறது கேக்கும். எங்க அம்மா பேசுற அதே பேச்சு. கையில கார்பைன். விரல் வெளியதான் இருந்துச்சு தம்பி. எல்லா நாளும் அப்படி இருந்துச்சான்னு கேக்காதீங்க.” கொஞ்சம் விட்டு, “இதை எழுதிக்கங்க, பரவால்ல. பசங்ககிட்டதான் நான் சொன்னதில்ல” என்றார்.

பசங்க என்று அவர் சொன்னது, தினமும் காலையில் அவரிடம் ஓடப் பழகும் பிள்ளைகளை. போலீஸ், அக்னிவீர், ஏதோ ஒரு தேர்வுக்குத் தயாராகிறவர்கள். காசு வாங்குவதில்லை. பெரும்பாலும் எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகள். தேயிலைக் கொழுந்து பறித்துத் தேய்ந்த கைகளுக்கு அடுத்த தலைமுறையிலாவது சீருடை வந்துவிடாதா என்பதுதான் இங்கே பல லயன் வீடுகளின் கனவு. அக்னிவீர் என்றால் நான்கு வருடம்தான், நால்வரில் ஒருவருக்குத்தான் நிரந்தரம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். குளிரில் வாயிலிருந்து புகை. ஓடியவர்களில் ஒரு பெண், கல்லூரி இரண்டாம் ஆண்டு, என்.சி.சி. அம்மா அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’யில் கொழுந்து பறிக்கிறார். தாத்தா, 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி எழுபதுகளில் ஹட்டன் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டான்டீ தோட்டங்களே போடப்பட்டன.

காவலர் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதால் சேர்ந்தாராம். முகாமில் .22 ரைஃபிள், 25 மீட்டர், ஐந்து தோட்டா.

“பயமா இருந்துச்சா?”

“சத்தத்துக்கு இல்லண்ணா. அம்மா வீட்டுல துப்பாக்கின்னாலே பேச மாட்டாங்க. தாத்தா சொன்ன கதை எல்லாம் அப்படி. அதனால சுட்டதை ஒரு மாசம் கழிச்சுதான் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“தோள் வலிச்சுதான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.”

சற்றுத் தள்ளி நின்ற பெரியவர் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் என் இலக்குக் காகிதத்தைக் காட்டினேன். ஐந்து ஓட்டைகளையும் பெரிதாக்கிப் பார்த்த அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“உங்களுது எப்படி?”

“தீப்பெட்டிக்குள்ள அடங்கிடும்ணா.”

“பேச்சு போதும், இன்னும் ரெண்டு ரவுண்டு!” என்று பெரியவர் குரல் கொடுத்தார். போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போனார்.