வாளியில் வெளியேறும் பாசி

தமிழில் பாசி, கன்னடத்தில் பாச்சி. மைசூரில் வீடு வீடாகப் போய் உப்புநீர் மீன் தொட்டிகளைப் பராமரிப்பவர்களின் வேலையைக் கவனித்தால் அடிக்கடி காதில் விழும் சொல் இதுதான். ஒரு வாளி, தண்ணீர் இழுக்கும் குழாய், கண்ணாடியின் இருபுறமும் ஒட்டி நகரும் காந்தச் சுரண்டி, பழைய டூத் பிரஷ், உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். இவ்வளவுதான் கருவிகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால்தான் கடல் என்பதால், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்று பாக்கெட் உப்பைக் கரைத்துத்தான் இங்கே கடல் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் இவர்களை அழைப்பது கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் இந்த வேலையின் மதிப்பை அளக்க வேண்டிய இடம் வாளி என்பது என் கருத்து. சுரண்டிய பாசி தண்ணீருக்குள்ளேயே மிதந்து பாறையிடுக்கில் போய் ஒதுங்கினால் வேலை பாதிகூட முடியவில்லை. வாளியில் ஏறி வீட்டைவிட்டு வெளியே போனதுதான் கணக்கில் வரும்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உலர்ந்த மீன் தீவனத்தில் பாஸ்பரஸ் சுமார் நூற்றில் ஒரு பங்கு இருக்கும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு கிராம் தீவனம் போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ளே போகிறது. பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு 0.15. தேர்ந்த வளர்ப்பாளர்கள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொருள் இது. ஒரே நாள் தீவனம் அந்த வரம்பைக் கடக்கப் போதுமானது. மீனின் எலும்பிலும் சதையிலும் ஒரு பகுதி தங்கும். மற்றது கழிவாகத் தண்ணீருக்குத் திரும்பும். மாதம் ஒருமுறை 20 லிட்டர் மாற்றினால் கரைந்து நிற்பதில் பத்தில் ஒன்றுதான் போகும். மிச்சத்தை யாராவது எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும்? முடிப்பாசி எடுத்துக்கொள்கிறது. அதனால், கையைப் பிடித்துத் தடுக்க வேண்டிய இடம் தீவன டப்பா. அந்தக் கை பராமரிப்பவருடையது அல்ல. மாதத்துக்கு ஒரு நாள் வருபவரைப் 'பாசி போகவே மாட்டேங்குதே' என்று கடிந்துகொள்வது, மற்ற எல்லா நாட்களும் நாமே ஊற்றி வளர்த்ததற்கு அவரைப் பொறுப்பாக்குவதாகும்.

இந்த ஊரிலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. 1950இல் இங்கு தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலேயே ஸ்பைருலினா என்னும் நுண்பாசியை உணவாக வளர்க்கும் ஆய்வில் இறங்கியது. ஸ்பைருலினா வளர்ப்புக்கு உலகெங்கும் பயன்படும் ஜாரூக் கரைசலில் லிட்டருக்கு 2.5 கிராம் சோடியம் நைட்ரேட்டும் அரை கிராம் பொட்டாசியம் பாஸ்பேட்டும் சேர்க்கிறார்கள். ஆழம் குறைந்த தொட்டி, வெயில், இடைவிடாத கலக்கல், பிறகு அறுவடை. வளர்க்க விரும்புகிறவர் அளந்து போடுவதைத்தான் வளர்க்க விரும்பாதவர் அளக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொரு சான்று குக்கரஹள்ளி ஏரி. 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் பாசனத்துக்காக உருவாக்கிய ஏரி அது. நகரம் வளர்ந்து சாக்கடை நீர் கலந்ததும் ஊட்டம் மிகுந்து பச்சை பிடித்தது. வரும் வழியை அடைக்காமல் மேலே மிதப்பதை மட்டும் அள்ளி எந்த ஏரியும் தெளிந்ததில்லை.

வரும் வழிகளில் தண்ணீரும் ஒன்று. சமையலறை ஆர்.ஓ. கருவியின் தண்ணீரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குடிக்கச் சுவை வேண்டும் என்பதற்காக, வடிகட்டிய நீரில் கொஞ்சம் பழைய நீரையே திரும்பக் கலக்கும் திருகு இந்தக் கருவிகள் பலவற்றில் இருக்கிறது. கருங்கல் பூமியின் போர்வெல் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவும் நைட்ரேட்டும் அந்தத் திருகு வழியாக உள்ளே வந்துவிடும். டயாட்டம் என்னும் பழுப்புப் பாசி தன் ஓட்டைக் கட்டுவதே சிலிக்காவால்தான். ஆர்.ஓ.வுக்குப் பின், மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசின் குழாய் ஒன்றைப் பொருத்தி, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியம் காட்டிய பிறகே உப்பைக் கரைக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்ததை ஈடுசெய்ய ஊற்றும் நீருக்கும் இதே விதிதான். அங்கேதான் கவனம் நழுவுகிறது.

'மருந்து ஊற்றினால் இரண்டு நாளில் போய்விடுமே' என்பார்கள். போகும். தாமிரம் கலந்த மருந்தானால் நத்தையும் இறாலும் சேர்ந்து போகும். சிவப்புச் சளிபோலப் படரும் சயனோபாக்டீரியாவுக்கு எரித்ரோமைசின் போடும் வழக்கம் எனக்கு ஒப்புதலானதல்ல. மனிதருக்கான மருந்தைச் சாக்கடைக்கு அனுப்புகிற வேலை அது. எந்த மருந்தானாலும் செத்த பாசி தான் உண்டதையெல்லாம் தண்ணீரிடமே திருப்பிக் கொடுத்து, அழுகும்போது ஆக்சிஜனையும் குடித்துவிடும். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானபோது ஆக்சிஜன் குறைந்து மீன்களும் பவளங்களும் மடிந்தன. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால், 200 லிட்டர் தாங்குமா?

மேயும் உயிர்களை விட்டால் போதும் என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். ஜமைக்காவின் பவளப்பாறைகளில் 1983இல் பாசியை மேயும் டயடிமா என்னும் கடல் முள்ளெலிகள் நோயால் கூட்டமாக மடிந்தன. அதீத மீன்பிடிப்பால் மேயும் மீன்களும் ஏற்கெனவே குறைந்திருந்தன. 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990களின் தொடக்கத்துக்குள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போனது. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதமானது. ஊட்டத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது சரியான பதிலடி. நானும் இதை ஏற்கிறேன். டர்போ நத்தையும் பாறை மேயும் பிளென்னி மீனும் தொட்டியில் இருக்கட்டும். ஆனால் கடலில் மேய்ந்தவற்றின் எச்சத்தை அலை கொண்டுபோகிறது; தொட்டியில் அது அதே தண்ணீரில் விழுகிறது. நத்தை பாசியைக் குட்டையாக வைத்திருக்குமே தவிர, பாஸ்பரஸைத் தெருவுக்குக் கொண்டுபோகாது. 'சோதனைக் குப்பியில் பாஸ்பேட் பூஜ்ஜியம்தான், பிறகு ஏன் பாசி?' என்ற கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது: குப்பி காட்டுவது பாசி உண்டது போக மீந்ததை.

எனவேதான் பாசியைக் கொல்வதைவிட நாம் சொல்லும் இடத்தில் வளர்த்து அறுப்பது மேல் என்கிறேன். ஸ்மித்சோனியனைச் சேர்ந்த வால்ட்டர் அடே வலையின் மேல் தண்ணீரை ஓடவிட்டு, வெளிச்சம் காட்டி, அதில் முளைக்கும் பாசியைச் சுரண்டியெடுக்கும் முறையை உருவாக்கினார். கீழே உள்ள சம்ப் தொட்டியில் கீட்டோமார்ஃபா என்ற நூல்பாசியை விளக்கின் கீழ் வளர்ப்பதும் அதே யோசனைதான். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரின் கோப்பையில் சேரும் கறுத்த நுரையும் இதே கணக்கில் சேரும். அறுத்ததைக் கடலோர ஊர்களில் ஒருபோதும் தண்ணீரில் விடக் கூடாது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் மன்னார் வளைகுடாவில் குருசடை தீவின் பவளங்கள் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 

வாளியைத் தூக்குகிறவருக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கமாகவே தெரியும். குழாயின் வாயை எங்கே வைத்துக்கொண்டு எங்கே சுரண்டினால் ஒரு இழைகூடச் சிதறாது என்பதை அவர் கை அறிந்திருக்கிறது. கூலி பேசும்போது கண்ணாடியின் நீள அகலத்தைப் பார்க்காமல், அந்தப் பொறுமைக்கு ஆகும் நேரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வாளியில் வந்த பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிவிட்டால் அது செம்பருத்திக்கு உரம்.