ஆற்றில் போட்டது

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று கேலியாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்குப் பிறந்த ஊர் விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயருடைய இந்த ஊரில் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம்.

சென்ற மாதம் ஆற்றங்கரையில் நின்று இந்தக் கதையை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சிநேகிதர் சிரித்தார்.

"சுந்தரருக்குப் பொன் வந்தது, சார். எனக்கு வேறொன்று வந்தது" என்றார்.

சிநேகிதர் பீங்கான் தொழிலாளி. இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சூளையோடு ஏதாவது ஓர் உறவு உண்டு. அவரும் இங்கேயே செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, ஒரு சின்னப் பட்டறையில் ப்யூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்துகொண்டிருக்கிறார். சூளையின் வெக்கையை வாசலில் நின்றே அளந்து சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஏன் இந்தப் பட்டறையிலேயே தங்கிவிட்டார் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அன்றுதான் காரணம் தெரிந்தது.

2004-ஆம் ஆண்டு மாசி மகம். தேரோட்டக் கூட்டத்தில் இரண்டு தெருப் பையன்களுக்குள் கைகலப்பு. யாருக்கும் பெரிய காயமில்லை. சட்டை கிழிந்ததுதான் மிச்சம். ஆனாலும் வழக்குப் பதிவாயிற்று. "எதற்கப்பா கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைகிறாய்? ஒப்புக்கொண்டு ஐந்நூறு ரூபாய் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ" என்று பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். கட்டினார். அன்று மாலையே எதிர்த் தெருப் பையனோடு உட்கார்ந்து டீ குடித்தார். விஷயம் ஆற்றோடு போயிற்று என்று நினைத்தார்.

ஐந்து வருஷம் கழித்து, ஒரு பெரிய ஆலையில் வேலை கிடைத்தது. போலீஸ் விசாரணை அறிக்கையும் கூடவே வந்தது. அதில், 'தண்டனை பெற்றவர்' என்று ஒரு வரி. வேலை போயிற்று. அபராதம் கட்டுவதும் தண்டனைதான் என்று கட்டச் சொன்ன பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை.

"அப்போது உமக்கு என்ன வயது?" என்று கேட்டேன்.

"பதினெட்டு முடிந்து நாலு மாதம், சார்."

நாலு மாதம்! சண்டை அந்த நாலு மாதத்துக்கு முன்னால் நடந்திருந்தால், சிறார் நீதிச் சட்டமே அவரைக் காப்பாற்றியிருக்கும். 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அறியாத வயதின் குற்றம் பிற்காலத்துக்குத் தகுதிக் குறைவாகக் கூடாது, உரிய காலம் கழிந்ததும் பதிவேட்டிலிருந்து நீங்க வேண்டும் என்று சொல்கின்றன. பெரியவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. 1958-இல் வந்த நன்னடத்தைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் அவரைக் கண்டித்து அனுப்பியிருந்தால், அந்தத் தீர்ப்பினால் எந்தத் தகுதியும் போகாது என்று பன்னிரண்டாவது பிரிவு சொல்கிறது. ஆனால் வக்கீல் இல்லாமல் நின்று, ஒப்புக்கொண்டு, பணம் கட்டிவிட்டு ஓடிவருகிற பையனுக்கு அந்தப் பிரிவை யார் எடுத்துச் சொல்வது?

தண்டனை பெற்றவர் பாடு இருக்கட்டும். விடுதலையானவர் பாடு என்ன? தீர்ப்பில் இருக்கும் தம் பெயரை மறைக்க வேண்டும் என்று விடுதலையான ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் மனு தள்ளுபடியாயிற்று. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

பழைய குற்றத்தை ஒருவன் தலையில் நிரந்தரமாக எழுதிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1871-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், செய்ததற்காக அல்ல, பிறந்ததற்காகவே மனிதர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. இந்தத் தென்னார்க்காட்டு மண்ணிலேயே அஜீஸ் நகர் என்று அதற்கொரு குடியேற்றம் இருந்தது. சென்னை மாகாணம் 1947-இலும், இந்தியா முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டத்தைக் கைவிட்டன. ஒரு பரம்பரையின் மீதிருந்த பதிவையே கிழித்துப் போட முடிந்த தேசத்துக்கு, ஒரு பையனின் ஐந்நூறு ரூபாய்ப் பதிவைக் கிழிக்க முடியாதா?

"அப்படியானால் கொலைகாரனையும் கொள்ளைக்காரனையும் மறந்துவிடுவதா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் அதைக் கேட்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவனின் பழைய சரித்திரம் தெரியத்தான் வேண்டும். நான் கேட்பது சின்னக் குற்றத்துக்கு, அதன்பின் இத்தனை வருஷம் ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு. இங்கிலாந்து 1974-லேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டது. குறிப்பிட்ட காலம் கழிந்தால் தண்டனை காலாவதியாகிவிடும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 2018-இல் ஒரு படி மேலே போய், மனுப் போடாமலே சில பதிவுகள் தாமாக மூடப்பட வழி செய்தது. தாமாக என்பதுதான் முக்கியம். மனுப் போட வக்கீல் வேண்டும். வக்கீல் வைக்க முடிந்திருந்தால் நம் சிநேகிதர் முதலிலேயே தப்பியிருப்பாரே! நம் நாட்டில் பெரியவர்களுக்கென்று இப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. அது வர வேண்டும்.

நாங்கள் பட்டறைக்குத் திரும்பினோம். அவர் ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் முன்னே வைத்தார். குஜராத்தில் மோர்பி பக்கம் ஓர் ஓட்டு ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. ஒன்பதாவது கேள்வி: 'எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?'

"என்ன எழுதட்டும், சார்? உண்டு என்றால் வேலை போகும். இல்லை என்றால் பொய்."

மறைத்தால் அதுவே வேலை போவதற்குக் காரணமாகலாம் என்று எனக்குத் தெரியும். மறைத்த விஷயம் அற்பமானதாக இருந்தால் மன்னிக்கலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும். ஆனால் 'மன்னிக்கலாம்' என்ற சொல்லை நம்பி ஒரு குடும்பஸ்தனிடம் பொய் எழுதச் சொல்ல முடியுமா? உண்மையையே எழுதச் சொன்னேன்.

அவர் மறு பேச்சுப் பேசாமல் 'உண்டு' என்று எழுதினார். "விவரம்" என்று பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் மாசி மகத்தையும், கிழிந்த சட்டையையும், அன்று மாலை குடித்த டீயையும் எழுத இடமில்லை. "2004, அபராதம் ரூ.500" என்று மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டினார்.

தபாலில் சேர்க்கிற பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். இதை எழுதுகிற நேரம் வரைக்கும் பதில் வரவில்லை.